போர்பன்: எது ருசி, எது காசுக்குத் தகும்? புதுச்சேரியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தொன்பது வருஷம் புதுச்சேரி ஓட்டல் பார்களில் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. கேள்விகள் மட்டும் விடவில்லை. கல்யாண வீட்டில் கை கழுவும் இடத்தில் கேட்பார்கள், மீன் வாங்கப் போன இடத்தில் கேட்பார்கள், ராத்திரி பத்து மணிக்குக் கடை வாசலில் நின்றுகொண்டு போன் போட்டும் கேட்பார்கள்: "அண்ணே, ஜிம் பீம் வாங்கட்டுமா, இன்னும் கொஞ்சம் போட்டு அந்தச் சிவப்பு மெழுகு பாட்டிலை வாங்கட்டுமா?" தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். குடிக்காதவர்களுக்கு இதில் வேலை இல்லை. வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர்கள் காசை வீணாக்காமல் இருக்கத்தான் இது.

போர்பன் விஸ்கிதானா, வேறு சரக்கா?

விஸ்கிதான். அமெரிக்காவில் செய்தது. ஆனால் அங்கே செய்த விஸ்கியெல்லாம் போர்பன் ஆகிவிடாது. ஊறவைக்கும் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். நம் வேப்பூர், திட்டக்குடி பக்கம் மானாவாரியில் போடுகிறார்களே, அந்தப் பயிர்தான். மீதிக்கு ரை என்ற தானியம் அல்லது கோதுமை, கூடவே முளைகட்டிய பார்லி கொஞ்சம். வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5-ஐத் தாண்டக் கூடாது. பீப்பாய் புது ஓக் மரத்தில் செய்ததாக இருக்க வேண்டும், உள்பக்கத்தைத் தீயில் கருக்கியிருக்க வேண்டும். வெளியிலிருந்து நிறமோ எசன்ஸோ சேர்க்கக் கூடாது. பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கென்டக்கி மாநிலத்தில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை, பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

இந்த 80 சதவீத வரம்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் ஊரில் 'விஸ்கி' என்று பெயர் போட்டு மலிவாக விற்கும் சரக்கில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து 96 சதவீதம் வரை வடித்த எரிசாராயம்தான். அவ்வளவு தூரம் வடித்தால் எந்த மூலப்பொருளின் வாசனையும் மிஞ்சாது. பிறகு நிறமும் மணமும் சேர்க்க வேண்டியதுதான். போர்பனில் சோளத்தின் வாசனை கொஞ்சமாவது பாட்டில் வரை வந்து சேரும்.

லேபிளில் 'சவர் மேஷ்' என்று இருக்கிறதே, புளிப்பாக இருக்குமா?

இருக்காது. இட்லிக்கு அரைத்த மாவில் நேற்றைய புளித்த மாவு ஒரு கரண்டி விடுகிறோம் இல்லையா, அந்தச் சங்கதிதான். முந்தைய முறை வடித்த பிறகு அடியில் நிற்கும் புளித்த கரைசலைப் புது ஊறலில் கொஞ்சம் சேர்ப்பார்கள். வேண்டாத கிருமி வளராது, ஒவ்வொரு முறையும் ஒரே ருசி வரும். ஏறக்குறைய எல்லா போர்பனும் அப்படித்தான் செய்யப்படுகிறது. ஆகவே லேபிளில் இதைப் பெரிதாகப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம்.

போர்பன் என்ற பெயர் பிரெஞ்சு மாதிரி இருக்கிறதே?

பிரெஞ்சுதான். கென்டக்கியில் உள்ள போர்பன் கவுண்டி என்ற மாவட்டத்திலிருந்து வந்தது என்று ஒரு கட்சி, நியூ ஆர்லியன்ஸ் நகரத்து போர்பன் வீதியிலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. எதுவானாலும் இரண்டுக்கும் பெயர் பிரான்சை ஆண்ட பூர்போன் அரச வம்சத்திலிருந்து வந்ததுதான். துப்ளெக்ஸ் இங்கே கவர்னராக இருந்தபோது அங்கே அரியணையில் இருந்த பதினைந்தாம் லூயி அந்த வம்சத்தவர். ஒயிட் டவுனில் ஒரு வீதிக்கே பெயர் கொடுத்த லபோர்தொனே, மொரீஷியசோடு சேர்த்துப் பூர்போன் தீவையும் ஆண்டவர். அந்தத் தீவுதான் இன்றைய ரெயூனியோன். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் ஆட்கள் கப்பலேறிப் போன ஊர். அங்கே விளைந்த வெனிலாவுக்கு 'பூர்போன் வெனிலா' என்று பெயர். போர்பன் விஸ்கியில் முதலில் மூக்குக்கு வரும் வாசனையும் வெனிலாதான்! ஆனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விஸ்கியில் வரும் வெனிலா, கருக்கிய ஓக் மரத்திலிருந்து இறங்குவது. இந்தக் கதையை வைத்தே ஒரு காலத்தில் எத்தனையோ பிரெஞ்சுக்காரர்களுக்கு இரண்டாவது பெக் ஊற்றியிருக்கிறேன்.

ஜேக் டேனியல்ஸ் போர்பனா இல்லையா? பந்தயம் கட்டியிருக்கிறோம்.

பந்தயப் பணத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளம், புதுக் கருக்குப் பீப்பாய் என்று போர்பனுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. பீப்பாயில் ஊற்றுவதற்கு முன் மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டுச் சொட்டாக வடியவிடுகிறார்கள், அது ஒன்றுதான் கூடுதல். செய்வது டென்னசி மாநிலத்தில். அதனால் அவர்கள் அதை 'டென்னசி விஸ்கி' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். போர்பன் என்று லேபிளில் போடுவதில்லை. ருசியில் பங்காளிதான். நன்றாகக் கனிந்த வாழைப்பழ வாசனை அதில் தூக்கலாக வரும்.

விலை குறைந்த போர்பன் மட்டமான சரக்கா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இல்லை. மேலே சொன்ன சட்டம் மலிவு பாட்டிலுக்கும் அதேதான், விலை உயர்ந்த பாட்டிலுக்கும் அதேதான். ஜிம் பீம் வெள்ளை லேபிளும் புதுக் கருக்குப் பீப்பாயில்தான் கிடந்தது, நாலு வருஷம் கிடந்தது. ஸ்காட்ச் கதை வேறு. அங்கே பெரும்பாலும் பழைய பீப்பாய்தான். அதிலும் நிறைய, போர்பன்காரர்கள் ஒரு முறை பயன்படுத்தி விற்றுவிட்டவை. நிறத்துக்குக் கேரமல் சேர்க்கவும் அங்கே அனுமதி உண்டு. போர்பனில் அடிமட்டத்தையே சட்டம் உயர்த்திப் பிடித்திருக்கிறது. அதனால் கீழ்ப்படிக்கும் நடுப்படிக்கும் ருசியில் வித்தியாசம் தெரியும், நடுப்படிக்கும் மேல்படிக்கும் அவ்வளவு தெரியாது.

நம் ஊரில் விலை வித்தியாசம் பூதாகரமாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. வரி சதவீதக் கணக்கில் போடப்படுகிறது. கென்டக்கியிலிருந்து கிளம்பும்போது ஒரு பாட்டில் 500 ரூபாய், இன்னொன்று 1,000 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூறு சதவீதம் சுங்கம் விழுந்ததும் 1,000, 2,000 ஆகிறது. 500 ரூபாய் வித்தியாசம் துறைமுகத்திலேயே இரட்டிப்பு. அதன்மேல் மாநில வரி, கொண்டுவருபவர் லாபம், கடைக்காரர் லாபம். அந்த இரண்டாவது பாட்டில் கென்டக்கியிலேயே இரண்டு மடங்கு ருசியாக இருந்திருக்காது. இங்கே நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பங்கு வரிக்கும் லாபத்துக்கும் போகிறது, நாக்குக்கு வருவது சொச்சம்தான்.

சரி, ருசியில் ஒவ்வொன்றும் எப்படி இருக்கும்?

இது என் நாக்கு சொல்வது. உங்கள் நாக்கு சண்டை போட்டால் அதன் பேச்சைக் கேளுங்கள்.

ஜிம் பீம் வெள்ளை: வறுத்த வேர்க்கடலை, கொஞ்சம் வெனிலா, முடிவில் பச்சை மரத்தை முகர்ந்த மாதிரி ஒரு காரம். மெலிதான உடம்பு. ராவாகக் குடித்தால் சுமார், சோடா ஊற்றினால் நன்றாக இருக்கும், கோக் ஊற்றினால் எதுவும் தெரியாது. தண்ணீரில் கலக்கிறவர்கள் இதைத் தாண்டிச் செலவழிக்க வேண்டியதே இல்லை.

மேக்கர்ஸ் மார்க், அந்தச் சிவப்பு மெழுகு பாட்டில்: ரைக்குப் பதிலாகக் கோதுமை போட்டது. ரைதான் மிளகுக் காரம் தருவது. அது இல்லாததால் மெதுவாக இறங்கும். திருநெல்வேலி அல்வாவின் ஓரத்தில் கருகினாற்போல் ஒட்டியிருக்குமே, அந்த இனிப்பு. 45 சதவீதம். மெழுகில் முக்கும் யோசனை அந்தக் குடும்பத்து மார்ஜி சாமுவேல்ஸ் கொடுத்தது. 2013-ல் ஆல்கஹாலை 42 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். வாடிக்கையாளர்கள் போட்ட கூச்சலில் சில நாளிலேயே பழையபடி 45 என்று பின்வாங்கினார்கள். மூன்று சதவீதத்துக்கு அவ்வளவு கலவரமா என்று அப்போது சிரித்தேன், பிறகு குடித்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஒரு பாட்டிலில் எத்தனை சதவீதம் என்பது போதையோடு முடிந்துபோகும் கணக்கு இல்லை. மர எண்ணெயும் வாசனையும் ஆல்கஹாலில்தான் கரைந்து நிற்கின்றன. தண்ணீர் கூடக்கூட அவை கலைந்துபோகும்.

வைல்டு டர்க்கி 101: என் கட்சி இதுதான். மறைக்கவில்லை. 101 என்பது அமெரிக்க 'ப்ரூஃப்' கணக்கு, அதைப் பாதியாக்கினால் 50.5 சதவீதம். பீப்பாயின் உள்பக்கத்தை முதலைத் தோல் மாதிரி வெடிக்கிற அளவுக்குக் கருக்குகிறார்கள். மூடியைத் திறந்ததும் பட்டை, கிராம்பு. வாயில் வெல்லப்பாகு, பிறகு மிளகு. பிரியாணி அண்டாவைத் திறந்த மாதிரி இருக்கும். அதன் வடிப்பாளர் ஜிம்மி ரஸ்ஸல் 1954-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து ஒரே ஆள் ஒரே ருசியைக் காத்து வந்திருக்கிறார்.

பஃபலோ ட்ரேஸ், 45 சதவீதம்: எல்லாம் அளவாக. கரம் மசாலா குறைவு, கேரமல், கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். முதல் முறை குடிக்கிறவர்களுக்கு நல்ல பாட்டில். அதற்காக ஊர் ஊராகத் தேடி அலைய வேண்டிய அவசியம் இல்லை.

உட்ஃபோர்ட் ரிசர்வ்: செப்புப் பானையில் மூன்று முறை வடித்ததையும் கோபுரம் மாதிரி உயரமான சாதாரண வடிகலத்தில் வடித்ததையும் கலக்கிறார்கள். உலர் பழம், கோகோ, மர வாசனை. பாட்டில் அழகு. பரிசு கொடுக்க வாங்கலாம். சொந்தக் காசில் சொந்தமாகக் குடிக்க நான் வாங்குவதில்லை.

ஃபோர் ரோசஸ்: இரண்டு தானியக் கலவை, ஐந்து வகை ஈஸ்ட், ஆக மொத்தம் பத்து விதமான விஸ்கி செய்து அவற்றைக் கலக்கும் கம்பெனி. அவர்களுடைய சாதாரண பாட்டில் பூ வாசனையோடு லேசாக இருக்கும். வெயில் காலத்துக்கு ஏற்றது.

நாப் கிரீக், ஜிம் பீம் குடும்பத்துப் பெரியண்ணன். 9 வருஷம், 50 சதவீதம். அதே வேர்க்கடலை, ஆனால் கடலை மிட்டாயாகிவிட்ட வேர்க்கடலை.

இவ்வளவு வித்தியாசம் உண்மையிலேயே தெரியுமா, அல்லது லேபிளைப் பார்த்துச் சொல்கிறீர்களா?

நியாயமான கேள்வி. லேபிள் பாதி ருசியைச் சொல்லிக்கொடுத்துவிடும், என்னையும் சேர்த்துத்தான்.

போன பொங்கலுக்கு மொட்டைமாடியில் ஒரு வேலை செய்தோம். ஆறு பேர், ஆளுக்கு ஒரே மாதிரியான ஐந்து டீ கிளாஸ். அடியில் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதினேன். நான்கில் நான்கு போர்பன், ஐந்தாவதில் முதல் கிளாஸில் ஊற்றியதையே மறுபடியும் ஊற்றினேன். ஒவ்வொன்றிலும் இருபது மில்லிதான். மச்சான் சிவப்பு மெழுகைத் தவிர வேறெதையும் தொடாதவர். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைச் சப்புக்கொட்டி, மூன்றாம் எண்தான் மேக்கர்ஸ் மார்க் என்று அடித்துச் சொன்னார். திருப்பிப் பார்த்தால் ஜிம் பீம். அதைவிட வேடிக்கை, ஒன்றாம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் எல்லோரும் வேறு வேறு மதிப்பெண் போட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே பாட்டில்! ஒரே ஒரு கிளாஸை மட்டும் ஆறு பேரும் சரியாகப் பிடித்தோம், 101-ஐ. காரத்தை மறைக்க முடியாது.

பெரிய செலவுக்கு முன் வீட்டில் இதைச் செய்து பாருங்கள். ஊற்றுகிறவர் விளையாட்டில் சேரக் கூடாது என்பதுதான் முக்கியமான விதி. நான் சேர்ந்துவிட்டேன், அதனால் என் மதிப்பெண்ணைச் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள்.

எது காசுக்குத் தகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பாட்டில் விலையை மட்டும் பார்க்காதீர்கள். 750 மில்லி பாட்டிலில் 40 சதவீதம் என்றால் உள்ளே 300 மில்லி ஆல்கஹால், மீதி தண்ணீர். 45 சதவீதம் என்றால் 337. 50.5 என்றால் 378 சொச்சம். ஆக 101 பாட்டிலில், 40 சதவீத பாட்டிலைவிடக் கால் பங்குக்கு மேலேயே சரக்கு அதிகம். விலை கால் பங்கு அதிகமாக இருந்தாலும் சமம்தான். தண்ணீரை நம் வீட்டிலேயே ஊற்றிக்கொள்ளலாமே, அதைக் கென்டக்கியிலிருந்து கப்பலில் கொண்டுவந்து அதற்கும் வரி கட்டுவானேன்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. கை வழக்கத்தில் 60 மில்லி ஊற்றுகிறவர், 101-ல் 48 மில்லியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டிலும் உள்ளே போவது அதே 24 மில்லி ஆல்கஹால்தான். அளவு தெரியாமல் பழைய கையில் ஊற்றி, மறுநாள் "அண்ணே, அந்தச் சரக்கு தலைவலி" என்று சொன்னவர்கள் நிறைய. தலைவலி சரக்கில் இல்லை, ஊற்றிய கையில்.

விலைப்பட்டியல் போடுங்கள் என்று கேட்கிறார்கள். போடமாட்டேன். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. கடையில் நின்று போனில் ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், போதும்.

2025-ல் போர்பனுக்கு வரி குறைந்ததாகச் சொன்னார்களே?

குறைந்தது. 2025 பிப்ரவரியில் போர்பனுக்கான இறக்குமதிச் சுங்கத்தை 150 சதவீதத்திலிருந்து 100 ஆக்கினார்கள். மற்ற இறக்குமதி விஸ்கிகளுக்கு அப்போது குறைக்கவில்லை. கடை விலை அதே விகிதத்தில் இறங்கும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான். சுங்கம் என்பது விலையில் ஒரு அடுக்கு, மாநில வரி அடுத்த அடுக்கு.

வருஷம் அதிகம் என்றால் நல்லதா? 12 வருஷம் என்று பார்த்தால் வாங்கிவிடலாமா?

ஸ்காட்ச் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். கென்டக்கியில் கோடை நன்றாகக் கொளுத்தும், குளிர்காலம் உறையும். சூட்டில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் போகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். பீப்பாயும் புதுசு. அதனால் ஆறேழு வருஷத்திலேயே மரம் தன்னிடம் உள்ளதைக் கொடுத்துவிடும். பன்னிரண்டுக்கு மேல் போனால் சில பாட்டிலில் மேசையை நக்கிய மாதிரி கசப்பு வந்துவிடும். டிகாக்ஷனை அடுப்பிலேயே மறந்துபோய் வைத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

லேபிளில் 'ஸ்ட்ரெய்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். குறைந்தது இரண்டு வருஷம் என்று அர்த்தம். நாலு வருஷத்துக்குக் குறைந்திருந்தால் வயதைப் போட்டே ஆக வேண்டும். ஆகவே 'ஸ்ட்ரெய்ட்' என்று இருந்து வயது எதுவும் போடவில்லை என்றால் நாலு வருஷமாவது ஆனது. இன்னொன்று 'பாட்டில்ட் இன் பாண்ட்'. 1897-ல் வந்த சட்டம். கலப்படச் சரக்கு பெருகி மக்கள் ஏமாந்த காலத்தில் கொண்டுவந்தது. ஒரே ஆலை, ஒரே பருவத்தில் வடித்தது, அரசாங்கக் கண்காணிப்பில் நாலு வருஷமாவது கிடந்தது, சரியாக 50 சதவீதம். அந்தச் சொல் உள்ள பாட்டில் நியாயமான விலையில் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள்.

பாப்பி வான் விங்கிள் கிடைக்குமா?

கிடைத்தாலும் வேண்டாம். கோதுமை போட்ட நல்ல போர்பன், அவ்வளவுதான். விலை வெறும் பெயருக்கு.

ஐஸ் போட்டால் ருசி கெடும் என்கிறார்களே?

புத்தகத்தில் 'அறை வெப்பநிலையில் பரிமாறுக' என்று இருக்கும். அந்த அறை, எழுதியவருடைய ஊரில் 18, 20 டிகிரியில் இருக்கும். நம் மொட்டைமாடியில் மே மாதம் ராத்திரி எட்டு மணிக்கும் முப்பதுக்குக் குறையாது. அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு எழும்பி மூக்கைச் சுடும். வெனிலாவும் இல்லை, ஒன்றும் இல்லை, டிங்சர் வாசனைதான். ஆகவே ஐஸ் போடுங்கள். ஒரு பெரிய கட்டி போதும், நாலு சின்னக் கட்டி சீக்கிரம் கரைந்து தண்ணீராக்கிவிடும். இல்லாவிட்டால் பானைத் தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி ஊற்றி இரண்டு நிமிஷம் விடுங்கள். கிளாஸை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து ஊற்றுவது என் வழக்கம். ராவாகக் குடித்துக் காட்டுவதில் எந்த வீரமும் இல்லை.

என்ன கலக்கலாம், தொட்டுக்கொள்ள என்ன?

சோடா, இஞ்சி வாசனையுள்ள ஜிஞ்சர் ஏல், இரண்டும் பொருந்தும். கொஞ்சம் மெனக்கெட முடியும் என்றால் கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஒரு தேக்கரண்டி கிளாஸில் விட்டு, 101 ஊற்றி, ஐஸ் போட்டு, கமலா ஆரஞ்சுத் தோலை மேலே பிழிந்து விடுங்கள். வேலை பார்த்த காலத்தில் இதைச் செய்துகொடுத்து ஒரு அமெரிக்கரிடமே பெயர் வாங்கினேன்.

தொட்டுக்கொள்ள பண்ருட்டி முந்திரியை நெய்யில் சிவக்க வறுத்து மிளகும் உப்பும் தூவினால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். நெத்திலி வறுவலும் சேரும், எலுமிச்சை மட்டும் பிழியாதீர்கள். புளிப்பு வந்தால் போர்பனின் இனிப்பு செத்துவிடும்.

புதுச்சேரியில் வாங்கிக் கடலூருக்கு எடுத்துப் போகலாமா? ஒரு பாட்டில்தானே?

கூடாது. ஆரியங்குப்பம், தவளக்குப்பம், கன்னியகோயில் தாண்டி முள்ளோடையில் எல்லை முடிகிறது. அதற்கப்பால் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம். புதுச்சேரி ஆயத்தீர்வை முத்திரை ஒட்டிய பாட்டிலோடு ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் மாட்டினால் பாட்டிலும் போகும், வண்டியும் போகும், வழக்கும் வரும். 'ஒரு பாட்டில் விடுவாங்க' என்பது பஸ் ஸ்டாண்டு பேச்சு. என் அக்கா மகன் அந்தப் பேச்சை நம்பி, ஒரு பாட்டிலுக்காக இரண்டு சக்கர வண்டியை மாதக்கணக்கில் ஸ்டேஷன் வெயிலில் நிறுத்தி வைத்தான். குடித்துவிட்டு அந்த ரோட்டில் வண்டி ஓட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கடலூர்க்காரர்கள் அங்கே டாஸ்மாக் கடையில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது இங்கே தங்கிக் குடித்துவிட்டு மறுநாள் போங்கள்.

பிரான்சிலிருந்து சித்தப்பா வருகிறார். என்ன வாங்கிவரச் சொல்லலாம்?

புதுச்சேரியில் சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர் வீடு, இருக்கிற எல்லாத் தெருவிலும் இந்தக் கேள்வி உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் வரி இல்லாமல் 2 லிட்டர் கொண்டுவரலாம். இங்கே சுலபமாகக் கிடைக்கிற ஜிம் பீமைச் சுமந்து வரச் சொல்லி அந்த இரண்டு லிட்டரை வீணாக்காதீர்கள். வைல்டு டர்க்கி 101, நாப் கிரீக், ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல், இந்த வரிசையில் கேளுங்கள். அங்கே பாட்டில் 70 சென்டிலிட்டர். இரண்டு பாட்டில் 1.4 லிட்டர்தான், மூன்று வாங்கினால் 2.1 ஆகி வரம்பைத் தாண்டும். வழியில் டூட்டி ஃப்ரீ கடையில் ஒரு லிட்டர் பாட்டில் கிடைத்தால் இரண்டு எடுத்துக் கணக்கைச் சரியாக முடித்துவிடலாம்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

மூடியின் முத்திரை கிழியாமல் இருக்கிறதா, அதன்மேல் ஆயத்தீர்வை ஸ்டிக்கர் பழையதைப் பிய்த்து ஒட்டியதாக இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்கு வெளியே யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பாரில் குடிப்பவர்கள் உங்கள் எதிரிலேயே ஊற்றச் சொல்லுங்கள். நான் முதலில் வேலை பார்த்த ஒரு இடத்தில், பத்து மணிக்கு மேல் மேசைக்குப் போகும் வெளிநாட்டுச் சரக்கு பின்பக்கத்தில் ஊற்றப்பட்டது. பாட்டில் வெளிநாட்டு பாட்டில்தான், உள்ளே இருந்தது வேறு. மூன்று மாதத்தில் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். வெறும் கிளாஸை அரைமணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். போர்பன் இருந்த கிளாஸில் மரமும் வெனிலாவும் மிச்சம் இருக்கும். எசன்ஸ் சரக்கு இருந்த கிளாஸில் ஸ்பிரிட்டு வாடை இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

கெட்டுப்போகாது. ஆனால் பாதிக்குக் கீழே போனபின் உள்ளே காற்று அதிகமாகி ருசி மங்கும், ஆறேழு மாதத்தில் எனக்குத் தெரிகிறது. நிற்க வைத்தே வையுங்கள், ஒயின் மாதிரி படுக்க வைத்தால் கார்க்கைச் சரக்கு அரித்துவிடும். வெயில் படும் ஷோகேஸ் வேண்டாம், பீரோவுக்குள் புடவைக்குப் பின்னால் மறைத்து வைக்கிறீர்களே, விஸ்கிக்கும் அதுதான் சரியான இடம். பாட்டிலில் வருஷம் ஏறாது. அப்பா 1990-ல் வாங்கிப் பிரிக்காமல் வைத்த பாட்டில் இன்றும் 1990 பாட்டில்தான்.

அந்தக் காசுக்கு இந்திய சிங்கிள் மால்ட் வாங்கலாமே?

தாராளமாக. பெங்களூர் அம்ருத்தும் கோவா பால் ஜானும் பெரும்பாலும் போர்பன் ஊறிய பீப்பாயில் ஊறியவைதான். நம் வெயிலில் ஒவ்வொரு வருஷமும் பீப்பாயில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆவியாகிப் போகிறது, அதனால் சீக்கிரம் முதிர்கிறது. சுங்க வரியும் இல்லை. ஆனால் அது பார்லி, இது சோளம். அல்வா வேண்டும் என்றவருக்கு அதிரசம் கொடுத்து 'இரண்டும் இனிப்புதானே' என்று சொல்ல முடியாது.

கடைசியாக, உங்கள் வீட்டில் இப்போது என்ன இருக்கிறது?

கால் பாட்டில் 101, மச்சான் வந்தால் கொடுக்க ஒரு ஜிம் பீம். அவர் பழைய சிவப்பு மெழுகு பாட்டிலில் அதை ஊற்றி வைத்திருக்கிறேன், தயவுசெய்து அவரிடம் சொல்லாதீர்கள்.